விடை தெரிந்தவரின் ஓட்டம்: மர்ம கேம்களை ஸ்பீட்ரன் செய்ய முழுமையான வழிகாட்டி

‘மிஸ்ட்’ விளையாடிய யாரிடம் கேட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1993 செப்டம்பரில் மேக்கின்டாஷுக்கு வந்த கேம் அது. தீவில் ஆள் நடமாட்டம் கிடையாது. என்ன செய்வது என்று சொல்லவும் யாரும் இல்லை. கண்ணில் பட்ட சின்னங்கள், காதில் விழுந்த ஒலிகள், எண்கள் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு முடித்தவர்கள் ஏராளம். அதே கேமை எந்தக் கோளாறையும் பயன்படுத்தாமல், எதையும் ஹேக் செய்யாமல், ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். விடை தெரிந்திருந்தால் போதும்.

மர்ம கேம்களை ஸ்பீட்ரன் செய்வதில், அதாவது முடிந்தவரை குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பதில், என்னை இழுத்தது இந்த விசித்திரம்தான். மற்ற கேம்களில் ரன் அடிப்பவர்கள் குதிப்பதையும் ஓடுவதையும் பழகுவார்கள். நமக்குக் குதிக்க ஒன்றும் இல்லை. நம் நேரத்தைத் தின்பவை புதிர்கள், வசனம், காத்திருப்பு. இந்தக் கட்டுரையில் புதிருக்கு ‘மிஸ்ட்’டையும் வசனத்துக்கு நீதிமன்ற கேமான ‘ஏஸ் அட்டர்னி’யின் முதல் வழக்கையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டின் விடைகளும் கீழே அப்படியே வரும். விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, விளையாடி முடித்துவிட்டு வாருங்கள். ஒரு மர்மத்தை விடை தெரியாமல் விளையாடும் வாய்ப்பு ஒருமுறைதான் கிடைக்கும்.

முதல் வேலை: பூட்டுகளைப் பிரிப்பது

புதிதாக வருகிறவர்கள் நேராக டைமரை ஓடவிட்டு விளையாடத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், இரண்டு வாரம் வீண். டைமரைத் தொடுவதற்கு முன் அந்த கேமில் உள்ள ஒவ்வொரு தடையையும் எழுதி, அது எந்த வகைப் பூட்டு என்று பார்க்க வேண்டும்.

ஒரு வகை, விடையை மட்டும் கேட்கும் பூட்டு. எண்ணைப் போடு, நெம்புகோலைத் தள்ளு, கதவு திறக்கும். அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேம் கேட்பதில்லை.

இன்னொரு வகை, நீங்கள் கடந்து வந்த பாதையைக் கேட்கும் பூட்டு. இன்னாரிடம் பேசினாயா, இந்தச் சாட்சியத்தைக் கேட்டாயா என்று கேம் உள்ளுக்குள் ஒரு குறி வைத்திருக்கும். ஃபிளாக் என்பார்கள். அது விழாதவரை விடை உங்கள் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. புதிய சேவ் ஃபைலைத் தொடங்கி, நடுவில் உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பூட்டுக்கு முன்னால் நேராகப் போய் நின்று விடையைப் போட்டுப் பாருங்கள். திறந்தால், அந்தத் துப்பு கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. அங்கே உள்ள வசனமும் போயிற்று, நடையும் போயிற்று. திறக்காவிட்டால் ஒவ்வொரு முன்நிபந்தனையாகச் சேர்த்துக்கொண்டே வந்து, எதைச் சேர்த்ததும் திறக்கிறது என்று பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ரூட், அதாவது ரன் போகும் பாதை, இதிலிருந்துதான் பிறக்கிறது. வசனத்தைத் தாண்ட ஆகச் சிறந்த வழி, அந்த வசனம் வரும் இடத்துக்கே போகாமல் இருப்பது.

சில கேம்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கும். 2018இல் லூகாஸ் போப் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’னில் கப்பலில் இருந்த 60 பேரின் கதியையும் நாம் புத்தகத்தில் நிரப்ப வேண்டும். யார் எப்படிச் செத்தார் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கலாம். ஆனால் ஒருவர் செத்த நொடியைக் காட்டும் நினைவுக்குள் முதல் முறை நுழைந்தால், அதற்கென்று வைத்த நேரம் முடியும்வரை கேம் உங்களை வெளியே விடாது. அந்தக் காத்திருப்பை ஒழிக்க முடியாது. அடுத்து என்ன நிரப்புவது என்று மனதில் ஓட்டிப் பார்க்கத்தான் அது உதவும்.

‘மிஸ்ட்’: ஒரு ரன் முழுவதும்

இந்த கேமில் நான்கு உலகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புத் தாள், ஒரு நீலத் தாள். அவற்றைக் கொண்டுவந்து நூலகத்தில் உள்ள இரண்டு புத்தகங்களுக்குள் சிக்கியிருக்கும் சகோதரர்கள் சிரஸ், அகெனார் ஆகியோரிடம் கொடுக்கக் கொடுக்க, அவர்கள் பேச்சு தெளிவாகும். கடைசியில்தான் கணப்பு அடுப்பின் ரகசியத்தைச் சொல்வார்கள். நூலகத்தில் உள்ள கட்டக் கோலங்களின் புத்தகத்தில் 158ஆவது பக்கத்தில் உள்ள வடிவத்தை அடுப்புக்குள் இருக்கும் பலகையில் போட வேண்டும். விளையாடுகிறவரின் வாரங்கள் எல்லாம் அந்த ஒரு எண்ணைத் தேடித்தான் போகின்றன. ஆனால் அடுப்பு கேட்பது வடிவத்தை மட்டும்தான். நான்கு உலகங்களுக்கும் நீங்கள் போனீர்களா என்று அது பார்ப்பதே இல்லை.

ஆகவே ரன் இப்படிப் போகும்.

1. தொடங்கும் முன் மெனுவில் ஜிப் மோடை இயக்குங்கள். முன்பு போன இடத்துக்கு நடுவழியைத் தாண்டிக் குதிக்க விடும் வசதி இது. கர்சர் மின்னல் வடிவமாக மாறினால் குதிக்கலாம் என்று பொருள். ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வரும் டிரான்சிஷன்களையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் மிச்சமாவது கொஞ்சம்தான், ஆனால் கிளிக்குகள் நிறைய.

2. தீவில் எட்டு மார்க்கர் சுவிட்சுகள் உண்டு. படகுத்துறை, அதற்கு மேலே ராட்சதப் பல்சக்கரங்கள், கோளரங்கம், கப்பல் பொம்மை மூழ்கிக் கிடக்கும் தூண்கள் சூழ்ந்த குளம், செங்கல் கட்டடம், ராக்கெட், மரக்குடிசை, கடிகாரக் கோபுரத்தின் பக்கம். எல்லாவற்றையும் மேலே தள்ள வேண்டும். தொடங்கும் இடமே படகுத்துறை என்பதால் அதை முதலில் போட்டுவிடுங்கள்.

3. மற்ற ஏழையும் எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் இந்த ரன்னின் உண்மையான புதிர். தீவை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு இடத்துக்கும் இடையில் எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதுங்கள். கண்ணுக்குப் பக்கமாகத் தெரிவது கிளிக் கணக்கில் தூரமாக இருக்கும், ஏனென்றால் திரும்புவதும் ஒரு கிளிக். மூன்று வரிசைகளையாவது ஓட்டி ஒப்பிட்ட பிறகு ஒன்றை எடுங்கள். எடுத்த பிறகு மாற்றாதீர்கள், கை பழக வேண்டும்.

4. எட்டும் மேலே இருக்கும் நிலையில் படகுத்துறைக்குத் திரும்பி, அங்குள்ள சுவிட்சை மட்டும் கீழே இறக்குங்கள். ஒரு சிறு பெட்டகம் திறக்கும். உள்ளே வெள்ளைத் தாள். இந்த வழி, இரண்டாகக் கிழிந்து வெவ்வேறு உலகங்களில் கிடக்கும் ஒரு குறிப்பில் இருக்கிறது. நாம் அந்தக் குறிப்பைத் தேடப் போவதில்லை.

5. தாளோடு நூலகத்துக்கு வந்து அடுப்புக்குள் நுழையுங்கள். 158ஆவது வடிவத்தைப் பலகையில் போட்டு பட்டனை அழுத்துங்கள். அடுப்பு சுழன்று பச்சைப் புத்தகத்தைக் காட்டும்.

6. பச்சைப் புத்தகத்தில் அந்தச் சகோதரர்களின் தந்தை ஏட்ரஸ் தோன்றுவார். அந்தப் பக்கம் போய் வெள்ளைத் தாளை அவரிடம் கொடுங்கள். அவ்வளவுதான் கேம்.

எச்சரிக்கை ஒன்று: வெள்ளைத் தாள் இல்லாமல் பச்சைப் புத்தகத்துக்குள் போனால் திரும்ப வழி கிடையாது. பதற்றத்தில் நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஏழு சுவிட்சுதான் போட்டிருக்கிறேன், படகுத்துறைப் பெட்டகம் திறக்கவில்லை, அதைக்கூடக் கவனிக்காமல் கை பழக்கத்தில் நூலகத்துக்கு ஓடிவிட்டேன். ஏட்ரஸ் முன்னால் வெறுங்கையோடு போய் நின்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சுவிட்சையும் தள்ளும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வடிவத்தை மூளையிலிருந்து கைக்கு மாற்றுவது

அடுப்புப் பலகைதான் ரன்னில் தடுமாறும் இடம். வரிசை இரண்டு, கட்டம் ஐந்து என்று எண்களாக மனப்பாடம் செய்தால் அவசரத்தில் குழம்பும். புள்ளிக் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். இத்தனை புள்ளி இத்தனை வரிசை என்று கற்றுக்கொள்வது முதல் வாரம் மட்டும். அப்புறம் கை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைகிறது என்பதுதான் நினைவில் நிற்கும். அதே மாதிரி, எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தப் பாதையில் மவுஸ் போகும் என்று ஒரு ஒற்றைக் கோட்டை முடிவு செய்துகொள்ளுங்கள். எப்போதும் அதே திசை. நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் கோடு உடைந்த உணர்வு கையில் தட்டும்.

கேமைத் திறக்காமலே இதைப் பழகலாம். கோடு போட்ட தாளில் வடிவத்தைப் பத்துத் தரம் போடுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம்.

கையால் எழுதி விடை சொல்லும் கேம்களில் பிரச்சினை வேறு. 2007இல் ஜப்பானில் வெளியான முதல் ‘புரொஃபசர் லேட்டன்’ கேம் நின்டெண்டோ டிஎஸ்ஸில் வந்தது. பல புதிர்களுக்கு விடையான எண்ணை ஸ்டைலஸால் திரையில் எழுத வேண்டும். ஜப்பானில் புதிர்ப் புத்தகங்களால் பெயர் பெற்ற பேராசிரியர் அகிரா டாகோ அமைத்த புதிர்கள் அவை, ஆற அமரப் படிக்க வேண்டியவை. நாம் படிக்கப் போவதில்லை. புதிர் எண்ணைப் பார்த்ததும் விடை கையில் வர வேண்டும். அங்கே நேரம் போவது யோசிப்பதில் இல்லை, நீங்கள் எழுதிய 1ஐ கேம் 7 என்று படிப்பதில்தான். ஒவ்வொரு எண்ணையும் கேம் பிழையில்லாமல் அடையாளம் காணும் ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டுமே எழுதப் பழகுங்கள். அழகான கையெழுத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

விடை ஒவ்வொரு முறையும் மாறும் கேம்களும் உண்டு. ‘மிஸ்ட்’டின் புதிய வடிவம் 2020இல் விஆருக்கும் 2021இல் கணினிக்கும் வந்தபோது, புதிர்களின் விடைகளை மாற்றிப்போடும் வசதியையும் சேர்த்தார்கள். அதை இயக்கி ஓடினால் மனப்பாடம் செல்லாது. துப்பை எங்கே, எவ்வளவு சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே ரூட்டாகிவிடும். அது வேறு விளையாட்டு, தனிப் போட்டிப் பிரிவு. முதல் ரன்னுக்கு வேண்டாம்.

வசனம்: எந்தப் பட்டன், எந்த மொழி, எந்தப் பதிப்பு

வசனம் நிறைந்த கேமில் முதலில் பார்க்க வேண்டியது செட்டிங்ஸ். எழுத்து ஓடும் வேகத்தை மாற்ற முடிகிறதா? வசனத்தைத் தாவ விடுகிறதா? விட்டால், முன்பு படித்ததை மட்டுமா, படிக்காததையுமா? இந்தக் கடைசிக் கேள்வி உங்கள் ரன்னின் நீளத்தையே மாற்றிவிடும். ‘ஏஸ் அட்டர்னி’ 2001இல் ஜப்பானில் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்து, 2005இல் டிஎஸ்ஸில் ஆங்கிலத்துக்கு வந்தது. பழைய பதிப்புகளில் முதல் வாசிப்பில் வசனம் தன் வேகத்தில்தான் ஓடும். ஏற்கெனவே பார்த்ததைத்தான் விரைவாக ஓட்ட முடியும். அதனால் புதிய சேவ் ஃபைலில் ஓடுவதா, முடித்த ஃபைலில் ஓடுவதா என்பது தலைகீழ் வித்தியாசம். நீங்கள் சேரப்போகும் பிரிவின் விதியில் இதை முதலில் படியுங்கள்.

மொழியும் நேரம்தான். எழுத்து ஒவ்வொன்றாக விழும் கேமில், குறைந்த எழுத்தில் சொல்லும் மொழி வெல்லும். ‘செல்டா’ தொடரின் ‘ஒகரினா ஆஃப் டைம்’ ஓடியவர்கள் சீனாவில் வெளியான ஐக்யூ பதிப்பைத் தேடிப்போனதற்கு அதில் வசனம் விரைவாக ஓடுவது ஒரு காரணம். மர்ம கேமில் இது இன்னும் பெரிதாகும், ஏனென்றால் கேமே வசனம்தான். மொழி தெரியாவிட்டால் என்ன? நாம்தான் படிக்கப் போவதில்லையே. ஆனால் தேர்வுப் பட்டியல் வரும்போது தடுமாறாமல் இருக்க, எந்த இடத்தில் எத்தனையாவது விடை என்று எண்ணாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். முதல் சில மாதங்கள் புரிகிற மொழியில் ஓடுங்கள் என்பது என் கருத்து. எங்கே தவறியது என்பதாவது புரியும்.

அடுத்தது விரல் வேலை. பட்டனை விடாமல் தட்டுவதை மேஷிங் என்பார்கள். தொடங்கும் முன் ஒரு சின்னப் பரிசோதனை: ஒரே வசனத்தை ஒரு பட்டனைத் தட்டி ஒருமுறை, இரண்டு பட்டன்களை மாறி மாறித் தட்டி ஒருமுறை, அழுத்திப் பிடித்தபடி ஒருமுறை ஓட்டி, மூன்றையும் வீடியோ எடுங்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் எடுத்திருந்தால் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணிவிடலாம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: ஒரு பெட்டிக்கு 6 ஃப்ரேம் மிச்சம், மொத்தம் 1500 பெட்டி என்றால் 9000 ஃப்ரேம். இரண்டரை நிமிடம்! எந்தப் புதிரிலும் அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது.

இரண்டு பட்டன்களும் வசனத்தை நகர்த்தும் கேமில் இரண்டு கட்டை விரல்களால் மாறி மாறித் தட்டுவது நீண்ட நேரம் தாங்கும். டர்போ பட்டன் உள்ள கன்ட்ரோலரைப் பெரும்பாலான பிரிவுகள் ஏற்பதில்லை. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு ரன்’ என்று ஓடி, பத்து நாள் பேனாவைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீதிமன்றத்தில்: முதல் வழக்கு

‘ஏஸ் அட்டர்னி’யின் பூட்டு முழுக்க முழுக்க ஃபிளாக் வகை. கொலையாளி யார் என்று கேமே முதல் காட்சியில் காட்டிவிடுகிறது. ஆனால் சாட்சி ஒவ்வொரு பொய்யாகச் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் நின்றாக வேண்டும். எனவே நம் வேலை, குறுக்கு விசாரணையில் தேவையற்ற ஒரு வரியும் கேட்காமல் இருப்பது.

வழக்கு தொடங்கியதும் நீதிபதி அறிமுக வழக்கறிஞர் ஃபீனிக்ஸ் ரைட்டைச் சோதிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் யார்? லாரி பட்ஸ். கொல்லப்பட்டவர்? சிண்டி ஸ்டோன். இறந்த விதம்? மழுங்கிய பொருளால் அடித்து. மூன்று கேள்விகளிலும் சரியான விடை பட்டியலின் முதல் வரியில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே வந்தால் கர்சர் முதல் விடையிலேயே விழுந்து, திட்டு வாங்குவீர்கள். மேஷிங்கை எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் மேஷிங்கில் சேர்த்திதான். பட்டியலுக்கு முந்தைய வசனத்தின் கடைசிச் சொல்லை அடையாளமாக வைத்துக்கொண்டு அங்கே கையை எடுங்கள்.

பிறகு சாட்சி ஃபிராங்க் சாவிட். பிணத்தைப் பார்த்தது மதியம் 1 மணி என்கிறார். அந்த வரியில் பிரேதப் பரிசோதனை அறிக்கை. இறந்த நேரம் மாலை 4க்கும் 5க்கும் இடையில் என்று அதில் இருக்கிறது. அடுத்து, டிவியில் நேரத்தைக் கேட்டேன் என்கிறார். அங்கே மின்வெட்டுப் பதிவு. பிறகு மேசைக் கடிகாரத்தில் பார்த்தேன் என்கிறார். அங்கே சிலை. அந்தக் கடிகாரம் சிலை வடிவில்தான் இருக்கிறது, அதைப் பார்த்து யாரும் கடிகாரம் என்று சொல்ல முடியாது. கடைசியில் அந்தக் கடிகாரம் அன்று மூன்று மணி நேரம் பின்தங்கி இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். சிண்டியின் பாஸ்போர்ட். கொலைக்கு முந்தைய நாள்தான் அவள் பாரிஸிலிருந்து திரும்பியிருந்தாள், கடிகாரம் இன்னும் பாரிஸ் நேரத்திலேயே இருந்தது.

இதை ஒரு சிறு அட்டையில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டுங்கள். சாட்சியத்தின் பெயர், எத்தனையாவது வரி, எந்த ஆதாரம், அந்த ஆதாரத்துக்கு ஆவணப் பட்டியலில் வலப்பக்கம் எத்தனை தட்டு அல்லது இடப்பக்கம் எத்தனை தட்டு. கடைசி விவரம்தான் முக்கியம். பட்டியலைத் திறந்துவிட்டு ஆதாரத்தைத் தேடினால், ஒவ்வொரு முறையும் ஓரிரு விநாடி கரையும். வழக்கு நகர நகரப் பட்டியலில் புதியவை சேரும், தட்டுக் கணக்கும் மாறும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக எண்ணுங்கள்.

இந்த கேமில் உயிர்களின் கணக்கு ஆச்சரியக் குறிகள்தான்; தவறான ஆதாரம் காட்டினால் ஒன்று போகும். அதைப் பற்றி ஸ்பீட்ரன்னர் கவலைப்படுவதில்லை. அதோடு சேர்ந்து வரும் கண்டிப்பு வசனம்தான் தண்டனை. நடுவில் ஒருமுறை சறுக்கினால் ரீசெட் செய்யாமல் முடித்துவிடுங்கள். பின்பாதியைப் பழக அதுதான் வாய்ப்பு. தொடக்கத்திலேயே ரீசெட் செய்து செய்து, முதல் பத்து நிமிடத்தில் மட்டும் கில்லாடியாக இருப்பவர்கள் நிறைய உண்டு.

டைமர், ஸ்பிளிட், பதிவு

லைவ்ஸ்பிளிட் என்ற டைமர் மென்பொருள் இலவசம், பெரும்பாலானோர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் செய்யும் தவறு, ஸ்பிளிட்டுகளை, அதாவது நேரம் தனியாகக் குறிக்கும் பகுதிகளை, அதிகமாகப் பிரிப்பது. ‘மிஸ்ட்’டுக்கு மூன்று போதும்: எட்டாவது சுவிட்ச், வெள்ளைத் தாள், முடிவு. ‘ஏஸ் அட்டர்னி’யில் ஒவ்வொரு குறுக்கு விசாரணையின் முடிவிலும் ஒன்று. வசனத்தில் இழந்த நேரம் எது, ஆதாரத்தில் இழந்தது எது என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

ஒரே பகுதியில் உங்கள் சிறந்த நேரத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் அது கையின் குறை, அந்தப் பகுதியை மட்டும் சேவ் வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். இடைவெளி குறைவாக இருந்தும் மற்றவர்களைவிடப் பின்தங்கினால் கையில் தப்பில்லை. அங்கே உங்களுக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. பூட்டுகளைப் பிரித்த அந்தத் தாளை மறுபடி எடுத்து, போட்டே ஆக வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு வரியையும் மறுபடி சந்தேகப்படுங்கள்.

பதிவு எடுக்கும்போது டைமர் தொடங்குவதற்குச் சில விநாடி முன்பிருந்தே எடுங்கள், முடிந்த பிறகும் சில விநாடி ஓடவிடுங்கள். விதி ‘முதல் கிளிக்கில் தொடக்கம்’ என்றால் அந்த முதல் கிளிக் வீடியோவில் தெரிய வேண்டும். ஒலியையும் சேர்த்து எடுங்கள், வெட்டு ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது. ‘மிஸ்ட்’ போன்ற குட்டி ரன்னில் சரிபார்ப்பவர்கள் நேரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக மறுபடி எண்ணுவார்கள். நீங்களும் ஒருமுறை எண்ணிவிட்டு அனுப்புங்கள்.